குற்றம் நடந்த இடம்: திருகோணமலை

புதிதாக நிருபர் வேலைக்கு வந்திருக்கிறீர்கள். யார், என்ன, எப்போது, எங்கே, ஏன், எப்படி என்று ஆறு கேள்விகளை முதல் நாளே சொல்லித் தந்திருப்பார்கள். ஐந்தை நீங்களாகவே கேட்டுவிடுவீர்கள். "எங்கே" மட்டும் தவறிப்போகும். அதன் விடை கண் முன்னே கிடப்பதுபோலத் தோன்றும். கண் முன்னே கிடப்பதை யாரும் கேட்பதில்லை. நான் திருகோணமலையில் மாவட்ட நிருபராக இருந்தபோது ஒரு முழு ஊரே அந்தக் கேள்வியைக் கேட்க மறந்தது. அதனால் ஒரு கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது. பயப்பட வேண்டாம், கல்யாணம் நடந்தது. நான் போய்ச் சாப்பிட்டேன்.

ஊர் ஏன் மறந்தது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. சுதந்திரம் கிடைத்த பிறகும் பல வருடங்கள் வெள்ளைக்காரக் கடற்படைத் தளம் எங்கள் ஊரின் நடுவிலேயே இருந்தது. வேலிக்கு இந்தப் பக்கம் நம் பொலிஸ். அந்தப் பக்கம் போவதென்றால் அனுமதி கேட்க வேண்டும். ஒருமுறை சைக்கிள் திருடன் ஒருவன், திருடிய சைக்கிளிலேயே தள வாசலுக்குள் மிதித்துப் போய்விட்டான். துரத்தி வந்த கான்ஸ்டபிள் வாசலில் நின்று, கச்சான் கடலை வாங்கித் தின்றுகொண்டு, அவன் எப்போது வெளியே வருவான் என்று பார்த்திருந்தார். அதை வேடிக்கை பார்த்த கூட்டத்தில் நானும் நின்றேன். யாருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை. வேலி என்றால் சட்டம் அங்கே முடிகிறது என்று நாங்கள் பழகியிருந்தோம். பிறகு தளம் போனது. பழக்கம் போகவில்லை. வேலி, வாசல், கப்பல் ஏணி எதைக் கண்டாலும் அதற்கு அப்பால் வேறு நாடு என்று ஊர் நினைத்தது.

இனிக் கதைக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குப் பதிலாகப் பௌர்ணமி, அமாவாசை போன்ற போயா நாட்களை வார விடுமுறையாக வைத்திருந்த வருடங்கள் அவை. அப்படி ஒரு போயா நாளில், உள்துறைமுகத்தில் நங்கூரமிட்டுத் தேயிலை ஏற்றிக்கொண்டிருந்த வெளிநாட்டுக் கப்பல் ஒன்று மாலையில் புறப்பட இருந்தது. கப்பலுக்குப் போயா கிடையாது. ஆகவே அதில் பெட்டி ஏற்றும் தொழிலாளர்களுக்கும் கிடையாது.

மதிய வேளையில் நான் வழக்கம்போல் இறங்குதுறைப் பக்கம் போனேன். கப்பல் வேலைக்குப் போன கூட்டம் கரைக்கு வந்து, வரிசையாகக் குந்தியிருந்தது. ஒருவரும் பேசவில்லை. தொழிலாளர்கள் சத்தம் போட்டால் அது பெரும்பாலும் செய்தி அல்ல. அவர்கள் வாய் மூடி இருந்தால் நின்று விசாரிக்க வேண்டும்.

அவர்களின் கங்காணி மீராசாயிபு, கிண்ணியாக்காரர். என்னைக் கண்டதும் எழுந்து வந்தார்.

"மாப்பிள்ளையக் கப்பல்லயே வெச்சிக்கிட்டாங்க தம்பி."

"எந்த மாப்பிள்ளை?"

"நம்மட நவம். நாளைக்குக் காலையில கலியாணம் அவனுக்கு."

நவம் சாம்பல்தீவு இளைஞன். நிலாவெளியில் இருக்கும் தன் மாமி செல்லம்மாவின் மகளைக் கட்ட இருந்தான். செல்லம்மா கரைவலை மீனை வாங்கி விற்பவர். கடற்கரையில் அவர் விலை சொன்னால் பேரம் பேசுகிறவர்கள் குறைவு. கல்யாணச் சந்தோசத்தில், மருமகனோடு வேலை செய்யும் அத்தனை பேருக்குமாக ஒரு பெரிய சட்டி அறக்குளா மீன்குழம்பு வைத்து அன்று காலை கொடுத்துவிட்டிருந்தார். மதியம் எல்லோரும் கப்பல் தளத்தில் சட்டியைச் சுற்றி இருந்திருக்கிறார்கள். கப்பலின் இரண்டாம் அதிகாரி வந்து, தளம் அழுக்காகிறது என்று கத்தி, சட்டியைக் காலால் தள்ளினார். சட்டி உருண்டு கடலுக்குள் போனது. நவம் எழுந்து அதிகாரியின் கன்னத்தில் ஒன்று வைத்தான்.

"சும்மா ஒரு அடிதான் தம்பி. ஆனா கை மூட்ட தூக்கிப் பழகின கை," என்றார் மீராசாயிபு.

மாலுமிகள் நவத்தைப் பிடித்து, பெயின்ற் வாளிகள் வைக்கும் அறைக்குள் பூட்டினார்கள். கப்டன் மற்றவர்களை ஏணியால் இறக்கிவிட்டு ஒன்றைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்: இந்தக் கப்பல் எங்கள் நாடு, எங்கள் நாட்டில் எங்கள் அதிகாரியை அடித்தவனை எங்கள் நாட்டுக்கே கொண்டுபோய் விசாரிப்போம்.

"எந்த நாடாம்?"

"என்னமோ குளிர் நாடாம். அவன் ஒரு சாரமும் பெனியனும்தான் தம்பி உடுத்திருக்கான்."

பொலிஸ் நிலையத்துக்குப் போனோம். இன்ஸ்பெக்டர் தெற்கிலிருந்து மாற்றலாகி வந்து சில மாதங்களே ஆனவர். நல்ல மனிதர், நிதானமாகத் தமிழ் பேசுவார். முழுவதையும் கேட்டுவிட்டுத் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"கப்பல் வேறே நாடு. அந்த ஏணியிலே நான் சிவில் உடுப்போட ஏறினால் விருந்தாளி. யூனிபோமோட ஏறினால் அதுக்கு என்ன பேர் தெரியுமா? படையெடுப்பு."

அறையில் இருந்த சார்ஜன்ட் தலையாட்டினார். மீராசாயிபு தலையாட்டினார். நானும் ஆட்டியிருப்பேன்.

அந்த நேரத்தில் நிலாவெளி பஸ்ஸில் வந்து இறங்கினார் செல்லம்மா. கல்யாணத்துக்கு அரைத்த மஞ்சள் முழங்கை வரை அப்படியே இருந்தது. செய்தி அவரை எப்படி எட்டியது என்று நான் கேட்கவில்லை. அந்தக் கரையோர வீதியில் பஸ்ஸுக்கு முன்னால் செய்தி போய்விடும்.

"ஐயா, பந்தல் போட்டாச்சு. வாழை கட்டியாச்சு. நாளைக்குச் சனம் வந்து மாப்பிள்ளை எங்கை எண்டு கேட்டால் நான் என்னத்தைச் சொல்லுறது? கப்பலேறிப் போட்டார் எண்டோ?"

"அம்மா, நான் கொழும்புக்கு அறிவிக்கிறேன்."

"கொழும்பு இண்டைக்குப் போயா, ஐயா."

கப்பலை வெளியே கொண்டுபோகும் பைலட், வெயில் தாழ்ந்ததும் ஏறிவிடுவார். துறைமுக அனுமதி எல்லாம் காலையிலேயே கொடுத்தாகிவிட்டது. துறைமுக வாய் கடந்து வெளிக்கடலுக்குப் போன கப்பலைப் பிடிக்கும் படகு எங்கள் பொலிஸிடம் இல்லை.

நான் என் வேலையைச் செய்தேன். வாடி வீடு என்ற அரசாங்க விடுதிக்குப் போய்க் கொழும்புப் பத்திரிகை அலுவலகத்துக்கு ட்ரங்க் கோல் எடுத்தேன். எங்கள் செய்தி ஆசிரியர் தொலைபேசியில் வணக்கம் சொல்லமாட்டார். அவரைப் பார்த்து நான் கற்றவை பல. அன்று கற்றது போல் வேறில்லை.

"வெளிநாட்டுக் கப்பலில் தொழிலாளி சிறைவைப்பு," என்று வாசிக்கத் தொடங்கினேன்.

"இடம்?"

"கப்பல்."

"கப்பல் எண்டு ஒரு ஊர் இருக்கோ? செய்தியின்ரை தலையிலை எந்த ஊர்ப் பேரைப் போடுறது?"

"வெளிநாட்டுக் கப்பல் எண்டபடியால்..."

"அது எங்கை நிக்குது?"

"உள்துறைமுகத்திலை."

"உள்துறைமுகம் எங்கை கிடக்குது?"

"திருகோணமலையிலை."

"அப்ப அடி விழுந்தது எங்கை?"

நான் வாயைத் திறக்குமுன் நேரம் முடிந்து லைன் அறுந்தது. என் பிரதியில் ஊர்ப் பெயர் இல்லை. அச்சுக் கோப்பவருக்குத் தேவைப்பட்ட ஒரு சொல். அதைத்தான் அவர் கேட்டார். ஆனால் அந்தச் சொல்லை நிரப்ப முடியாமல்தான் பொலிஸ் நிலையத்தில் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள் என்பது எனக்கு அந்த இடத்தில் உறைத்தது.

சட்டம் எனக்குத் தெரியாது. தெரிந்தவரிடம் போனேன். அக்காலத்தில் புறொக்டர் என்று அழைக்கப்பட்ட வழக்கறிஞர்களில் மூத்தவர் ஒருவர் அருகில் குடியிருந்தார். விடுமுறை நாள் என்பதால் தன் வீட்டு வாசல் படலைக்குத் தானே பச்சை பெயின்ற் அடித்துக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை தூரிகையை நிறுத்தவில்லை.

"கப்பல் வேறை நாட்டு மண் எண்டு ஆர் சொன்னது?"

"எல்லாரும்."

"மண் எண்டால் மிதக்குமோ ஐசே?" என்று கேட்டுவிட்டுத் தூரிகையை வாளியில் வைத்தார். "நடுக்கடலிலை எண்டால் கொடிக்குரிய நாட்டின்ரை சட்டந்தான். அதிலை கதை இல்லை. துறைமுகத்துக்குள்ளை வந்தாலும் அந்தச் சட்டம் கூட வரும். ஆனால் அது வந்ததெண்டு எங்கடை சட்டம் எழும்பி இடம் விட்டுக் குடுக்குமோ? மாலுமியும் மாலுமியும் தங்களுக்குள்ளை பிடுங்குப்பட்டால், கப்டனே பாத்துக்கொள்ளட்டும் எண்டு விடுறது மரியாதைக்கு. இது எங்கடை ஆள், எங்கடை துறைமுகம். இந்த அடி மணிக்கூட்டுக் கோபுரத்தடியிலை விழுந்தால் என்ன, அந்தத் தளத்திலை விழுந்தால் என்ன, ஒண்டுதான்."

"வெளியிலை போட்டுதெண்டால்?"

"உள்ளுக்கை நடந்ததுக்கு, கரையோரக் கடல் முடியுமட்டும் விரட்டிப் போகலாம். சட்டம் ஓடும். ஆனா ஆர் ஓடுறது? வாரும், உள்ளுக்கை நிக்கேக்கை பிடிப்பம்."

கை கழுவாமலே வந்தார். பொலிஸ் நிலையத்துக் கதிரையின் இரு கைகளிலும் அன்று பதிந்த பச்சை, எனக்குத் தெரிய அந்தக் கதிரை உடையும்வரை இருந்தது.

இன்ஸ்பெக்டர் சட்டத்தை ஒப்புக்கொண்டார். ஆனால் அடுத்த கேள்வி கடினமானது. யாரைப் பிடிப்பது? ஒருவனை அடைத்து வைத்ததற்காகக் கப்டனைப் பிடிக்கலாம். சட்டப்படி சரி. ஆனால் வெளிநாட்டுக் கப்டன் ஒருவரின் மேல் கை வைத்தால் தூதரகம், அமைச்சு என்று கொழும்பில் பத்துக் கதவு திறக்க வேண்டும். பத்தும் அன்று பூட்டு.

புறொக்டர் சிரித்தார். "வெளிநாட்டுக்காரனைப் பிடிக்கப் பத்துப் பேரைக் கேக்க வேணும். எங்கடை ஆளைப் பிடிக்க ஆரைக் கேக்க வேணும்?"

இன்ஸ்பெக்டர் மெதுவாகத் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார். நவம் துறைமுகத்துக்குள் ஒருவரை அடித்திருக்கிறான். அது இந்த நாட்டில் செய்த குற்றம். அவனைக் கைது செய்ய இந்த நாட்டுப் பொலிஸ் போகிறது. கப்டனோடு சண்டை இல்லை, அவருக்காகவே போகிறது. நெருக்கடியில் எடுக்கப்பட்ட தீர்மானங்கள் பலவற்றை நான் பார்த்து எழுதியிருக்கிறேன். பெரும்பாலானவர்கள் கண்ணுக்குத் தெரிகிற பெரிய கதவை இடிப்பார்கள். அந்த இருவரும் பக்கத்தில் திறந்து கிடந்த சின்னக் கதவைப் பார்த்தார்கள்.

முறைப்பாடு செய்ய ஒருவர் வேண்டும். எல்லோரும் செல்லம்மாவைப் பார்த்தார்கள். அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் மஞ்சள் கையை நெஞ்சில் வைத்தார்.

"கலியாணத்துக்கு முதல் நாள் மாப்பிள்ளைக்கு விலங்கோ? நானே பிடிச்சுக் குடுக்கிறதோ?"

"பிடிச்சுக் குடுத்தால்தான் கிடைப்பான், பிள்ளை," என்றார் புறொக்டர்.

செல்லம்மா வாங்குப் பலகையில் நிமிர்ந்து இருந்தார். "எழுதுங்கோ ஐயா. காப்புக் கட்டப்போற கைக்கு விலங்கு போட்டாலும் பரவாயில்லை. ஆள் கரையிலை நிக்க வேணும். என்ரை மருமகன் கப்பலிலை ஒருத்தனுக்கு அடிச்சுப்போட்டார். பிடியுங்கோ."

இதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. செல்லம்மா அடியைக் கண்ணால் கண்டவர் அல்ல. கண்ட சாட்சி வேண்டும். வெளியே இருந்த தொழிலாளர்களை சார்ஜன்ட் ஒவ்வொருவராக உள்ளே அழைத்தார். துறைமுகத் தொழிலாளர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கூட வேலை செய்பவனுக்கு எதிராகப் பொலிஸில் வாய் திறப்பதில்லை. யாரும் சொல்லிக் கொடுத்த விதி அல்ல. வேலைக்குச் சேர்ந்த கையோடு ஒட்டிக்கொள்வது. உள்ளே என்ன பேசினோம் என்பது அவர்களுக்குத் தெரியாது. ஆகவே நவத்தைக் காப்பாற்ற எல்லோரும் தயாராக வந்தார்கள்.

மீராசாயிபு முதலில். "அவன் அடிக்கல்ல சேர். தங்கமான புள்ள."

அடுத்தவர்: "வெள்ளைக்காரன் தானா வழுக்கி விழுந்தவர் சேர். குழம்பு சிந்திக் கிடந்தது."

மூன்றாமவர் இன்னும் ஒரு படி மேலே போனார். "நவம் அந்த நேரம் கப்பலிலையே இல்லை சேர்."

"கப்பலிலையே இல்லாதவனைக் கப்பலுக்குள்ளை எப்பிடியப்பா பூட்டினவங்கள்?" என்றார் புறொக்டர்.

அடி இல்லையென்றால் குற்றம் இல்லை. குற்றம் இல்லையென்றால் கப்பலில் ஏற இன்ஸ்பெக்டருக்கு வேலை இல்லை. நவத்தின் நண்பர்கள் ஆளுக்கொரு சத்தியத்தால் அவனைக் குளிர் நாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். செல்லம்மா வாங்கிலிருந்து எழுந்தார்.

"என்னடாப்பா, அவர் அடிக்கேல்லையோ? என்ரை சட்டியைத் தட்டிவிட்டவனுக்கு என்ரை மருமகன் அடியாமல் விட்டவரோ? அப்பிடி ஒருத்தருக்கு நான் மகளைக் குடுக்கேல்லை! கண்டதைச் சொல்லுங்கோடா!"

புறொக்டர் அவர்களுக்கு விசயத்தை விளக்கினார். கூட்டம் ஒருவரை ஒருவர் பார்த்தது. அதற்குப் பிறகு அவர்களை நிறுத்த ஏலவில்லை.

"அடிச்சவன் சேர். நான் கிட்ட நிண்டு பார்த்தன்."

"ஒண்டில்லை சேர், ரெண்டு."

"காலாலயும் ஒரு உதை சேர்!"

"காணும், காணும்," என்று புறொக்டர் பச்சைக் கைகளைத் தூக்கினார். "பொடியனுக்குத் தூக்கு வாங்கிக் குடுத்திடாதேங்கோ. ஒரு அடி போதும்."

ஒரு அடி எழுதப்பட்டது. நீதிபதிக்குப் பதிலாகக் கடமை பார்த்த பதில் நீதவான் அடுத்த தெருவில் இருந்தார். பிடியாணையில் கையொப்பமிட்டுத் தந்தார். இனிப் படகு வேண்டும். மூதூர் லோஞ்ச் ஆட்களை ஏற்றிப் புறப்படத் தயாராக நின்றது. இன்ஸ்பெக்டர் அதை மறித்துப் பயணிகளை இறங்கச் சொன்னார். காரணத்தைக் கேட்டதும் ஒருவரும் இறங்கவில்லை. கோழிக் கூடையோடு இருந்த ஒரு மூதூர்ப் பெண், "நாங்களும் வாறம் சேர், என்னதான் நடக்குதெண்டு பாப்பம்," என்று கூடையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். வாதாட நேரம் இல்லை. புறொக்டரும் செல்லம்மாவும் அதற்குள் ஏறி இருந்துவிட்டார்கள். இப்படியாக இலங்கைப் பொலிஸ், ஒரு பிடியாணையோடும் மூதூர்ப் பயணிகளோடும் கோழிகளோடும் அந்த வெளிநாட்டுக் கப்பலை நோக்கிப் போனது.

லோஞ்ச் கப்பலோடு அணைந்தது. இன்ஸ்பெக்டரும் சார்ஜன்ட்டும் நானும் ஏணியில் ஏறினோம். கடைசிப் படியில் இன்ஸ்பெக்டர் நின்றார். ஒரு கால் ஏணியில், மறு கால் அந்தரத்தில். கீழே திரும்பிப் பார்த்தார்.

"ஏறுங்கோ," என்று லோஞ்சிலிருந்து புறொக்டர் கத்தினார். "அதுவும் திருகோணமலைதான்!"

காலை வைத்தார்.

கப்டன் நரைத்த புருவக்காரர், உயரமானவர். சண்டைக்குத் தயாராக நின்றார். இந்தத் தளம் தன் நாடு என்று ஆங்கிலத்தில் தொடங்கினார். இன்ஸ்பெக்டர் அதை மறுக்கவே இல்லை. மறுக்காமல் விட்டதுதான் அன்று அவர் செய்த மிகச் சிறந்த வேலை என்பது என் கருத்து. உங்கள் அதிகாரி என் துறைமுகத்தில் வைத்து அடிக்கப்பட்டார், அதற்காக வருந்துகிறேன், அடித்தவனைக் கைது செய்ய நீதவானின் பிடியாணையோடு வந்திருக்கிறேன் என்றார். சண்டைக்கு நின்றவருக்கு எதிரி இல்லாமல் போய்விட்டது. கப்டன் பிடியாணையை வாசித்தார். அவனுக்குத் தண்டனை கிடைக்குமா என்று கேட்டார். அதை நீதவான் தீர்மானிப்பார், உங்கள் நாட்டிலும் அப்படித்தானே என்றார் இன்ஸ்பெக்டர். கப்டனின் முகம் தளர்ந்தது. ஒரு மனிதனைப் பாதி உலகம் தாண்டிக் கொண்டுபோய்ச் சோறு போடும் சிரமமும் அவருக்கு நினைவுக்கு வந்திருக்கலாம். ஆனால் ஒன்று கேட்டார்: தன் மாலுமிகள் முன்னிலையில் அவன் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும்.

நவத்தைக் கொண்டுவந்தார்கள். சாரத்தில் சிவப்புப் பெயின்ற். ஒரு கையில் யாரோ கொடுத்த பாண் ரொட்டித் துண்டு. வெளியே வந்தவன் கண்டது இன்ஸ்பெக்டரையும் சார்ஜன்ட்டின் கையில் இருந்த விலங்கையும்தான்.

"ஐயா, நான் அடிக்கேல்லை! சத்தியமா என்ரை கை படேல்லை!"

இவன் என்ன சொல்கிறான் என்று கப்டன் கேட்டார். இன்ஸ்பெக்டர் கடலைப் பார்த்தார். வீங்கிய கன்னத்தோடு நின்ற இரண்டாம் அதிகாரி ஓரடி முன்னால் வந்தார். அப்போது கீழே லோஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. நிலாவெளிக் கடற்கரையில் அலைக்கு மேலால் விலை கூறிப் பழகிய குரல்.

"நவம்! அடிச்சனான் எண்டு சொல்லும்!"

நவம் ஓரத்துக்கு ஓடி எட்டிப் பார்த்தான். "மாமி! நீங்கள் எங்கை இஞ்சை?"

"அது பிறகு! என்ரை சட்டிக்காண்டி அடிச்சனீரோ, இல்லையோ?"

"அடிச்சனான் மாமி!"

"எனக்கென்னத்துக்குச் சொல்லுறீர்? ஐயாவுக்குச் சொல்லும்!"

நவம் திரும்பினான். முகத்தில் பயம் இருந்த இடத்தில் இப்போது வேறொன்று இருந்தது. "அடிச்சனான் ஐயா. நல்லா அடிச்சனான்!"

லோஞ்சில் இருந்த மூதூர்ச் சனம் கை தட்டியது. கப்டனுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. தலையசைத்தார். தன் ஊர் மாப்பிள்ளை ஒருவன் விலங்கோடு ஏணியில் இறங்கி வருவதைக் கண்டு ஓர் ஊர் அப்படிச் சந்தோசப்பட்டதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. செல்லம்மா விலங்கு போட்ட கைகளைப் பிடித்து, மஞ்சளை அவன் பெனியனில் எல்லாம் பூசிவிட்டார்.

பதில் நீதவான் வீட்டு முன்கூடத்தில் பிணைக்கு விசாரணை. சந்தேகநபர் ஓடிவிடமாட்டார் என்பதற்கு என்ன உத்தரவாதம் என்று அவர் கேட்டார். பிணை நின்ற செல்லம்மா யோசிக்கவே இல்லை.

"நாளைக்கு என்ரை மகளுக்குத் தாலி கட்டுறார் ஐயா. அதுக்குப் பிறகு எங்கை ஓடுறது?"

பிணை கிடைத்தது. நாங்கள் வெளியே வந்தபோது கப்பலின் சங்கு ஊதியது. நவம் ஒரு கணம் நின்று கேட்டான். பிறகு சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நிலாவெளி பஸ்ஸுக்கு ஓடினான்.

கல்யாணத்துக்கு இன்ஸ்பெக்டர் சிவில் உடுப்பில் வந்தார். சந்தேகநபர் நீதிமன்றத்தின் நியாயாதிக்க எல்லைக்குள் இருக்கிறாரா என்று பார்க்க வந்ததாகச் சொன்னார். சந்தேகநபரின் மாமி அவருக்கு மூன்றாம் முறையும் சோறு போட்டார். மணவறையில் நவத்தின் மணிக்கட்டில், காப்புக்குப் பக்கத்தில், விலங்கு உரசிய சிறு கீறல் தெரிந்தது. புது மனைவி அதைத் தடவித் தடவிச் சிரித்துக்கொண்டிருந்தாள். மீராசாயிபுவும் கூட்டமும் பந்தலின் ஒரு பக்கத்தை நிறைத்திருந்தார்கள். அடி ஒன்றா இரண்டா என்ற விவாதம் அங்கேயும் ஓயவில்லை.

உங்கள் தொழிலுக்கு வேண்டிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கப்பல் நவத்தோடு போயிருந்தால் அது முதற்பக்கச் செய்தி. போகாததால் உள்பக்கத்தில் சில வரிகள். கப்பல் போன அன்று மாலையில் நான் மறுபடியும் கொழும்புக்குப் பேசியபோது என் செய்தி சுருங்கிப் போயிருந்தது. அதற்காக நான் வருந்தவில்லை. ஆசிரியர் கேட்குமுன் நானே தொடங்கினேன்: "திருகோணமலை." மறுமுனையில் பேனா ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. அவரிடமிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு யாருக்கும் கிடைத்ததில்லை.

வழக்கு சில வாரங்களுக்குப் பிறகு நிரந்தர நீதவான் முன்னால் வந்தது. அடி வாங்கியவர் எங்கோ கடலில் இருந்தார். நவம் நினைத்திருந்தால் மறுத்துவிட்டு வெளியேறியிருக்கலாம். சாட்சிகளும் பழையபடி எதையும் பார்க்காதவர்களாக மாற ஆயத்தமாகவே வந்திருந்தார்கள். குற்றப்பத்திரம் வாசிக்கப்பட்டது. இந்த நீதிமன்றத்தின் நியாயாதிக்கத்துக்கு உட்பட்ட திருகோணமலைத் துறைமுகத்தில் என்று தொடங்கி, இன்ன கப்பலில், இன்னாரைத் தாக்கி என்று போனது. குற்றவாளியா, குற்றமில்லாத சுற்றவாளியா என்று கேட்கப்பட்டது.

"குற்றவாளி ஐயா."

நீதவான் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். முதற் குற்றம் என்பதையும் சட்டி உருண்ட விதத்தையும் கேட்டறிந்தார். கடுமையாக எச்சரித்து விடுதலை செய்வதாகச் சொன்னார். பிறகு, வழக்கமாகக் கேட்பதுபோல, வேறு ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டார்.

நவம் பின்னால் திரும்பினான். வாங்கில் மனைவி இருந்தாள். பக்கத்தில் மாமி, மடியில் துணி கட்டிய புதுச் சட்டியோடு. அவன் முன்னால் திரும்பிக் கைகட்டி நின்றான்.

"அடிச்சது பிழைதான் ஐயா. ஆனால் இடம் சரி."